பெரி, பேர், பதரி, இலந்தை: ஒலி ஒத்துப் போனா சொந்தமாயிடுமா?

தெம்பனிஸ்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். மொழி ஆராய்ச்சில ஈடுபாடு உள்ளவங்க இங்க சிலபேர் இருக்கீங்கன்னு தெரியும், அதான் கேக்கறேன். எங்க ஆபீஸ்ல லக்னோக்காரர் ஒருத்தர் இருக்கார், சிங்கப்பூர் தேக்கால வாங்கிட்டு வந்த இலந்தைப்பழத்தை மத்தியானம் எல்லாருக்கும் குடுத்தப்ப, இதுக்கு எங்க ஹிந்தில 'பேர்'னு சொல்லுவோம், இங்கிலீஷ்ல பெரின்னு சொல்றாங்கல்ல, அதுவே இந்தச் சொல்லுலேர்ந்து போனதுதான்னு அடிச்சுச் சொல்றார். வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல இதைப் போட்டேன், போட்டது தப்பில்ல, உடனே சித்தப்பா ஒருத்தர் 'பேர்'ங்கறது 'பதரி'லேர்ந்து வந்துச்சு, பதரி தமிழ்ச்சொல், அதனால பெரியும் தமிழ்தான்னு நீளமா எழுதிட்டாங்க, இன்னொருத்தர் இல்ல எல்லாமே சமஸ்கிருதம்னு எழுத, ரெண்டு நாளா அங்க வேற பேச்சே இல்ல.

என் பொண்ணு உயர்நிலை 2, தாய்மொழிப் பாடத்துக்குப் பழப்பேர்கள் பத்தி ஒரு ப்ராஜெக்ட் பண்றா, இதையும் எழுதப்போறேங்கறா. தப்பா எழுதிடக்கூடாதுன்னு நானும் அகராதிங்க கொஞ்சம் பாத்தேன். பெரி: மூலம் தெளிவில்ல. ஸ்ட்ராபெரில ஸ்ட்ரா ஏன் வந்துச்சு: தெளிவில்ல. ராஸ்பெரி: தெளிவில்ல. கூஸ்பெரில வாத்து எப்படி வந்துச்சுன்னா அதுக்கும் சண்டை. அம்மா, அப்பா, ரெண்டு, மூணு மாதிரி சொல்லுக்கெல்லாம் ஆயிரக்கணக்கான வருஷத்துக் கதை சொல்றவங்க பழப்பேருன்னு வந்தா மட்டும் ஏன் கையை விரிக்கறாங்க? அப்புறம் மலாக்காங்கற ஊர்ப்பேரே நம்ம நெல்லிக்காதான்னு ஒருத்தர் சொன்னாங்க, அது உண்மையா?

காட்டுக்களா:

ஹிந்தி 'பேர்'க்கும் இங்கிலீஷ் பெரிக்கும் சம்பந்தம் இல்லீங்க. ஆனா உங்க ஆபீஸ் நண்பர் மேல எனக்குக் கோவம் வரல, ஐஸ்லாந்து மொழில பெரிக்கு 'பெர்'னே சொல்றாங்க, கேட்டா யாருக்கும் அப்படித்தான் தோணும். ஒலி ஒத்துப் போச்சுன்னா உடனே அம்மா புள்ளைன்னு சொல்லிடாம ரெண்டு சொல்லும் பழைய காலத்துல எப்படி இருந்துச்சுன்னு பாக்கணும், அவ்வளவுதான் முறை.

இங்கிலீஷ் பக்கம் முதல்ல. இங்கிலீஷ் சேர்ந்த ஜெர்மானிய மொழிகள்ல நமக்கு நீளமா எழுத்து கிடைக்கறதுல ரொம்பப் பழசு கோதிக் மொழில இருக்கற பைபிள், 4ஆம் நூற்றாண்டுல வுல்ஃபிலாங்கற பிஷப் மொழிபெயர்த்தது. அதுல திராட்சைக்கு 'வீனபஸி'ன்னு வருது, வீன்னா வைன், பஸின்னா பெரி. அதாவது இப்ப ர இருக்கற இடத்துல அப்ப ஸ இருந்துச்சு. டச்சுல இன்னைக்கும் 'பெஸ்'தான். இங்கிலீஷ்ல அந்த ஸ, z ஒலியாகி அப்புறம் ர ஆயிடுச்சு, 'வாஸ்' 'வேர்'ன்னு ஒரே வினைச்சொல்லுல ஒரு இடத்துல ஸ ஒரு இடத்துல ர வருதே, அதுவும் இதே கதைதான். இது ஏன் எப்படி நடக்குதுன்னு 1870கள்ல கார்ல் வெர்னர்னு ஒரு டேனிஷ்காரர் விதியாவே எழுதி வச்சார்.

இப்ப ஹிந்தி பக்கம். 'பேர்'க்குப் பழைய வடிவம் சமஸ்கிருத 'பதர'. ரெண்டு உயிருக்கு நடுவுல மாட்டிக்கிட்ட மெய் பிராகிருதத்துல உதிர்ந்துடும், 'சத'ங்கற நூறு ஹிந்தில 'சௌ' ஆனது அப்படித்தான். பதரலேர்ந்து த போய், மராத்தி குஜராத்தில 'போர்', ஹிந்தில 'பேர்'. ஆக பழசா இருக்கறப்ப ஒண்ணு பதர, இன்னொண்ணு பஸி. பின்னாடி தனித்தனியா தேய்ஞ்சு தேய்ஞ்சு ஒரே இடத்துல வந்து நிக்குது.

சரி, முதலெழுத்தாவது ஒண்ணுதானேன்னு கேப்பாங்க. அதுவும் ஒத்துவராது. இங்கிலீஷும் சமஸ்கிருதமும் இந்தோ ஐரோப்பியங்கற ஒரே மொழிக்குடும்பம், அதுல சொந்தமான சொல்லுன்னா இங்கிலீஷ் ப வர்ற இடத்துல சமஸ்கிருதத்துல மூச்சு சேர்ந்த அழுத்தமான ப வரணும், பிரதர்னா ப்ராத்ரு, சுமக்கறதுக்கு உள்ள இங்கிலீஷ் 'bear'னா அங்க 'பர'. தமிழ் எழுத்துல இந்த வித்தியாசம் தெரியாது, நாகரி தெரிஞ்சவங்களைக் கேட்டுப் பாருங்க. பதரல இருக்கறது மூச்சு இல்லாத சாதா ப. உறவு இருந்திருந்தா இது இப்படி இருக்காது. இங்கேயே கேஸ் முடிஞ்சுது.

அகராதிங்க பெரிக்கு மூலம் தெளிவில்லன்னு சொல்றதுக்குக் காரணம், அந்தச் சொல் ஜெர்மானிய மொழிகளைத் தாண்டி வெளிய உறுதியா எங்கயும் பிடிபடல. ரஷ்யன்ல 'யாகத', லித்துவேனியன்ல 'உவோகா', இந்த ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சொந்தம், ஆனா பெரிக்கு சொந்தம் இல்ல. லத்தீன்ல 'பாக்கா', அதுக்கே மூலம் சண்டைல இருக்கு. (பிரியாணிக்குப் போடற பிரிஞ்சி இலையை இங்கிலீஷ்ல பே லீஃப்ங்கறோமே, அந்த 'பே' இந்த லத்தீன் பாக்காலேர்ந்துதான், முதல்ல லாரல் மரத்துப் பழத்தைக் குறிச்ச சொல்.) ஒரே குடும்பத்து மொழிங்க, அப்பாவுக்கும் அண்ணனுக்கும் ஒரே சொல், ஆனா சின்னப் பழத்துக்கு ஆளுக்கொரு சொல்.

செராங்கூன்ரோடு:

அருமையான விளக்கம் அண்ணே. ஆனா தெம்பனிஸ்வாசியோட சித்தப்பா கேட்டதுல பாதி நியாயம் இருக்குன்னு எனக்குப் படுது. பதர சமஸ்கிருதத்துல இருக்கறதால அது சமஸ்கிருதத்துலயே பொறந்துச்சுன்னு அர்த்தமா? ஈரான் பக்கம், ஐரோப்பா பக்கம் அதுக்கு இணை கிடையாது. அப்ப இங்கேர்ந்துதானே எடுத்திருக்கணும். தமிழா இருக்கக்கூடாதா?

காட்டுக்களா:

தம்பி, கேள்வியோட முதல் பாதிக்கு ஆமாம், ரெண்டாவது பாதிக்கு ஆதாரம் இல்ல.

யஜுர்வேதம் சார்ந்த நூல்கள்ல சௌத்ராமணின்னு ஒரு சடங்கு வருது, அதுல மூணு வகை இலந்தை சொல்றாங்க: குவல, பதர, கர்கந்து. ஒரே மாதிரி பழம், மூணு தனிப்பேர், மூணையும் இந்தோ ஐரோப்பிய வேர்லேர்ந்து வர வைக்கறது கஷ்டம். வெளியேர்ந்து வந்தவங்களுக்கு முள்ளுச்செடி இலந்தைல இத்தனை வகை தெரிஞ்சிருக்கு, பேரும் தெரிஞ்சிருக்குன்னா, அங்க ஏற்கனவே இருந்த சனங்க காட்டிக் குடுத்தாங்கன்னுதான் நான் எடுத்துக்கறேன். கய்ப்பர்ங்கற டச்சு அறிஞர் 1948ல சமஸ்கிருதத்துல உள்ள முண்டா சொற்கள் பத்தி தனியா ஒரு புத்தகமே போட்டார், க-ன்னு தொடங்கற இந்த மாதிரி நிறைய சொல்லுல முன்னொட்டு இருக்கு, அது முண்டா மொழிகளோட பழக்கம்னு அவர் வாதம். சந்தாலி, முண்டாரி பேசறவங்களோட முன்னோர் மொழி. எல்லாரும் இதை ஏத்துக்கல, முண்டா இல்ல, இப்ப அழிஞ்சே போன வேற ஏதோ மொழின்னு சொல்றவங்களும் உண்டு. அதுதான் இன்னும் நடக்கற சண்டை.

தமிழ்ல பதரி இருக்குன்னா அது சமஸ்கிருதத்துலேர்ந்து நமக்கு வந்தது, பத்ரிநாத்ல வர்ற அதே பதரி. நம்ம சொந்தப் பேரு இலந்தை, மலையாளத்துல இலந்த, கன்னடத்துல எலசி, தெலுங்குல ரேகு. இதை விட்டுட்டு எதுக்குப் பதரிக்குப் பட்டா கேக்கணும்? பரோவும் எமனோவும் 1961ல திராவிடச் சொற்பிறப்பு அகராதி போட்டு, 1984ல திருத்தின பதிப்பு போட்டாங்க, அதுல இந்தப் பழமரப் பேருங்க எத்தனை மொழில எப்படி எப்படி இருக்குன்னு பக்கம் பக்கமா கிடக்கு, எனக்கு அதைப் பொரட்டறதே ஒரு பெரிய சந்தோஷம்.

மலாக்காபொண்ணு:

நான் பொறந்தது மலாக்கா, வாக்கப்பட்டது ஈசூன், அதனால அந்தக் கேள்விக்கு நான் எழுதறேன்.

ஆமா, மலாய்ல 'பொக்கொக் மெலாகா'ன்னா நெல்லி மரம். செஜாரா மெலாயுங்கற பழைய மலாய் வரலாற்று நூல்ல வர்ற கதை மலேசியால எல்லாப் பிள்ளைங்களுக்கும் தெரியும், ராஜா வேட்டைக்குப் போயி ஒரு மரத்துல சாஞ்சு நிக்கறார், வேட்டை நாயை ஒரு வெள்ளைச் சருகுமான் எட்டி உதைச்சுத் தள்ளுது, இந்த எடம் நல்ல எடம், இது என்ன மரம்னு கேக்கறார், மெலாகான்னாங்க, அதுவே ஊர்ப்பேரு. இது சுமார் 1400 வாக்குல நடந்ததா வச்சுக்கறாங்க. மெலாகாங்கற மலாய்ச் சொல் சமஸ்கிருத 'ஆமலக'ங்கறதோட சேர்ந்தது, ஹிந்தி ஆம்லாவும் அதே. அரபு வழியா மேற்க போனது 'அம்லஜ்'னு ஆயி லத்தீன் தாவரப்பேருல 'எம்ப்ளிகா'வா நிக்குது. ஒரு சின்னப் புளிப்புக்காய் பேரு எவ்வளவு தூரம் நடந்திருக்கு பாருங்க.

ஆனா இதுக்கும் மறுப்பு இருக்கு. அரபுல சந்திப்புங்கறதுக்கு உள்ள 'முலாக்காத்' மாதிரி சொல்லுலேர்ந்து, வியாபாரிங்க கூடற எடம்னு பேரு வந்துச்சுங்கறவங்க உண்டு. போர்ச்சுகீசியர் தோமே பிரெஸ் வேற விளக்கம் எழுதி வச்சிருக்கார், ஓடி ஒளிஞ்சவன்னு அர்த்தமாம். எனக்கு மரம்தான் சரின்னு படுது, பாசத்துல சொல்லல. மலாய்க்காரங்க எடத்துக்குப் பேரு வைக்கற பழக்கமே மரம் பாத்துதான். தெம்பனிஸ்வாசி, உங்க தெம்பனிஸே தெம்பினிஸ் மரம். கம்போங் கிளாம் கெலாம் மரம். செம்பவாங்கும் மரம்தான். கடற்கரையோரம் ஒரு துறைமுகத்துக்கு மட்டும் எதுக்கு அரபு வியாபாரி வந்து பேரு வைக்கற வரைக்கும் காத்திருக்கணும்?

ஒண்ணு மட்டும் கவனமா எழுதச் சொல்லுங்க உங்க பொண்ணை: மலாக்கா நெல்லி மரத்தோட பேரு, ஆனா 'நெல்லி'ங்கற தமிழ்ச் சொல்லோட பேரு இல்ல. நெல்லி தனிச் சொல், கன்னடத்துலயும் மலையாளத்துலயும் நெல்லிதான், சிங்களத்துலயும் நெல்லி, தெலுங்குல மட்டும் உசிரி. அதியமான் அவ்வைக்குக் குடுத்தாரே, புறநானூறு 91ல 'சிறியிலை நெல்லித் தீங்கனி'ன்னு வருதே, அந்த நெல்லி. ஆமலகன்னா புளிப்புங்கற 'அம்ல'லேர்ந்து வந்துச்சுன்னு ரொம்ப காலமா சொல்லிட்டு வர்றாங்க, புளிக்கற பழத்துக்குப் பொருத்தமாத்தான் இருக்கு, ஆனா பொருத்தமா இருக்கறதாலேயே பின்னாடி யாரோ கட்டிவிட்ட விளக்கமாவும் இருக்கலாம்.

எங்க பக்கம் 'புவா மெலாகா'ன்னு ஒரு பலகாரம், நீங்க இங்க ஒண்டே ஒண்டேன்னு சாப்பிடறது, உள்ள குலா மெலாகாங்கற வெல்லம் வச்சு மேல தேங்காப்பூ. நெல்லிக்கா மாதிரி உருண்டையா பச்சையா இருக்கறதால அந்தப் பேரு. அதையும் ப்ராஜெக்ட்ல போடச் சொல்லுங்க, டீச்சருக்குப் பிடிக்கும்.

செராங்கூன்ரோடு:

அக்கா சொன்னப்புறம் நாவல் ஞாபகம் வந்துச்சு. நாவல், மலையாளத்துல ஞாவல், கன்னடத்துல நேரளெ, தெலுங்குல நேரேடு. சமஸ்கிருதத்துல ஜம்பு. ஜம்புத்வீபம்ங்கறதை நம்மாளுங்க நாவலந்தீவுன்னாங்க, பேரைக் கடன் வாங்காம நம்ம மரத்துப் பேரையே வச்சாங்க, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். அந்த ஜம்பு கப்பலேறி மலாய்க்கு வந்து ஜம்பு ஆயர், ஜம்பு பத்துன்னு ஆச்சு. இதுல ஜம்பு பத்துங்கறது கொய்யா, அது அமெரிக்கக் கண்டத்துப் பழம், 16ஆம் நூற்றாண்டுக்கு அப்புறம்தான் இந்தப் பக்கம் வந்துச்சு, வந்து பழைய பேருக்குள்ள உக்காந்துக்கிச்சு.

நம்ம ஊருலயும் இதேதான், முந்திரி. பழைய தமிழ்ல முந்திரின்னா கொடிமுந்திரி, அதாவது திராட்சை, மலையாளத்துல இன்னைக்கும் முந்திரின்னா திராட்சைதான். பிரேசில்லேர்ந்து போர்ச்சுகீசியர் கொண்டாந்த கொட்டை வந்து அந்தப் பேரைப் பிடிச்சுக்கிச்சு, திராட்சை சமஸ்கிருதப் பேருக்கு மாறிடுச்சு. அதனால பழைய பாட்டுல ஒரு பழப்பேரு வருதுன்னா இன்னைக்கு நாம அந்தப் பேருல எதைத் திங்கறோமோ அதுதான்னு நினைச்சுடக்கூடாது. காட்டுக்களா அண்ணே, சமஸ்கிருதத்துல திராட்சைக்கு ம்ருத்வீகான்னு ஒண்ணு இருக்கே, பாலி மொழில முத்திகா, அதுக்கும் முந்திரிகைக்கும் தொடர்பு உண்டா?

காட்டுக்களா:

பக்கத்துல வருது, அதுவும் ஒரே பழம்ங்கறதால சும்மா தள்ளிட முடியாது. ஒலியும் பொருளும் ரெண்டும் ஒத்துப் போற எடம், பேர்-பெரி மாதிரி இல்ல இது. ஆனா யாரு யாருகிட்ட வாங்குனாங்க, இல்ல ரெண்டு பேரும் மூணாவது ஒருத்தர்கிட்ட வாங்குனாங்களான்னு கேட்டா, நான் மூணாவதுக்குத்தான் சாய்வேன். திராட்சைக்கொடி வடமேற்குலேர்ந்து வந்த பயிர், பேரும் செடியோடவே வந்திருக்கணும்.

பூதாவ்ப்ரியன்:

நான் சைனீஸ் பள்ளில படிச்சவன், அதனால இன்னொரு பக்கத்துலேர்ந்து சொல்றேன், இங்க சிங்கப்பூர்ல இது நம்ம காதுல தெனமும் விழற சொல். திராட்சைக்கு மாண்டரின்ல 'பூதாவ்'. இது சீனச் சொல்லே கிடையாது, பழைய கடன். கிமு 2ஆம் நூற்றாண்டுல ஹான் பேரரசரோட தூதர் ஜாங் சியேன் மத்திய ஆசியாவுக்குப் போனார், அந்தத் தொடர்புக்கு அப்புறம்தான் ஃபெர்கானா பக்கத்துத் திராட்சை சீனாவுக்கு வந்துச்சுன்னு சொல்றாங்க. அப்ப பேரு எந்த மொழி? 19ஆம் நூற்றாண்டுல சில ஐரோப்பிய அறிஞர்கள் கிரேக்கத்துல திராட்சைக்கொத்துக்கு உள்ள 'போத்ருஸ்'தான்னாங்க, அலெக்சாண்டருக்கு அப்புறம் அந்தப் பக்கம் கிரேக்கர்கள் இருந்தாங்கல்ல, கேக்க நல்லாத்தான் இருக்கும். லாஃபர்ங்கற அறிஞர் 1919ல வந்து அதை மறுத்தார், சுத்தி இருந்தது ஈரானிய மொழி பேசற சனங்க, அவங்க சொல்லாத்தான் இருக்கணும்னு வாதம் வச்சார். இன்னைக்கும் பெரும்பாலும் ஈரானியப் பக்கம்தான் பாக்கறாங்க, ஆனா அந்தச் சொல் இதுதான்னு கையில எடுத்துக் காட்ட முடியல.

மல்பெரியும் பாருங்க. கிரேக்கம் 'மோரொன்', லத்தீன் 'மோரும்', ஆர்மீனியன் 'மோர்'. கூடப்பொறந்தவங்களா, இல்ல மத்தியதரைக்கடல் பக்கம் கிரேக்கர் வர்றதுக்கு முன்னாடியே இருந்த சனங்க சொல்லை ஆளாளுக்கு எடுத்துக்கிட்டாங்களா? இங்கயும் ரெண்டு கட்சி. இங்கிலீஷ்ல லத்தீன் மோர் கூட பெரி ஒட்டி மோர்பெரி ஆயி, ரெண்டு ர வந்து நாக்கு இடறவே முதல் ர ல ஆயிடுச்சு. கிழக்குப் பக்கம் வந்தா முழுக்க வேற சொல், பழைய ஈராக் பக்கத்து அக்காடியன்ல 'துத்து', அராமிக்ல 'தூதா', அரபு பாரசீகத்துல 'தூத்', ஹிந்தி 'ஷஹ்தூத்'. இதுலயும் அரபு சேர்ந்த செமித்திக் மொழியா ஈரானிய மொழியா எது முதல்லன்னு முடிவில்ல. நம்ம முசுக்கட்டை இந்த ரெண்டு கூட்டத்துலயும் சேராம தனியா நிக்குது.

மலாக்காபொண்ணு:

ஸ்ட்ராபெரி கேட்டீங்களே, அதை யாரும் சொல்லல. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின பழைய ஆங்கிலத்துலயே அந்தப் பேரு இருக்கு. வைக்கோல் பரப்பி வளர்க்கறதாலன்னு சொல்றது எனக்கு நம்பிக்கை இல்ல, அப்ப அது காட்டுல பொறுக்கற பழம். கொடி தரைல சிதறி ஓடறதாலயோ, பழத்து மேல ஒட்டியிருக்கற சின்ன விதை வைக்கோல் துணுக்கு மாதிரி தெரியறதாலயோ இருக்கலாம்னு சொல்றாங்க. ஜெர்மன்ல மண்பெரின்னு பேரு, மாண்டரின்ல புல்பெரி. கூஸ்பெரிக்கும் வாத்துதான்னு ஒரு கட்சி, பிரெஞ்சு 'குரோசெய்' திரிஞ்சு வாத்தாயிடுச்சுன்னு ஒரு கட்சி. குரான்ட்டுக்கு மட்டும் சண்டையே இல்ல, கிரீஸ்ல கொரிந்த் பட்டணம், அங்கேர்ந்து கப்பல்ல வந்த உலர்திராட்சைக்கு வச்ச பேரு.

தெம்பனிஸ்வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நான் இவ்வளவு எதிர்பார்க்கல. பொண்ணுகிட்ட படிச்சுக் காட்டினேன், பேர்-பெரியை எடுத்துட்டு மெலாகாவும் நாவலும் எழுதறேன்னுட்டா. கடைசியா ஒண்ணே ஒண்ணு, பழப்பேருக்கு மட்டும் ஏன் இப்படி மூலம் தொலையுதுங்கறதுக்கு ஒரு வரில அவ எழுதணும்னா என்ன எழுதலாம்?

காட்டுக்களா:

ஒரு வரில வேண்டாம்மா, மூணு நாலு வரி எழுதட்டும். அப்பா, அண்ணன், ரெண்டு, மூணு எங்க போனாலும் நம்ம கூடவே வரும். செடி வராது. புது ஊருக்குப் போனா அங்க முளைக்கற பழம் வேற, எது திங்கலாம் எது விஷம்னு அந்த ஊருல ஏற்கனவே இருக்கறவங்களைத்தான் கேக்கணும், கேக்கறப்ப பேரும் அவங்க வாயிலேர்ந்துதான் வரும். பின்னால அந்தச் சனங்களோட மொழி எழுத்துல ஏறாமயே மறைஞ்சு போச்சுன்னா, பழப்பேரு மட்டும் வேத்து மொழிக்குள்ள தங்கிடும், அகராதிக்காரங்க மூலம் தெளிவில்லன்னு எழுதுவாங்க. கிரேக்கத்துலயும் இதான், சமஸ்கிருதத்துலயும் இதான். எல்லாப் பழத்துக்கும் இது பொருந்தாது, குரான்ட் மாதிரி வியாபாரத்துல வந்ததும் இருக்கு, ஆனா காட்டுப்பழத்துக்குப் பெரும்பாலும் பொருந்தும்.

பதரயை நான் தமிழ்னு சொல்லாததுல உங்க சித்தப்பாவுக்கு வருத்தம் வேண்டாம்னு சொல்லுங்க. அந்தப் பழத்துக்கு முதல்ல பேரு வச்ச சனங்க யாரோ, அவங்களுக்கு உள்ளதை அவங்களுக்கே விடணும், அவங்க பேசினது இன்னைக்கு யாரும் பேசாத மொழியா இருந்தாலும் சரி.

இங்க பெரியவங்க படிக்கறீங்கன்னா உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். ரோட்டோரம், புதர்ப்பக்கம் ஊதாப்பூ பூக்குமே, மலாய்ல செண்டுடுக், பழம் தின்னா நாக்கும் உதடும் கறுத்துப் போகும், தாவரப்பேரான மெலஸ்டோமாவே கிரேக்கத்துல கருவாய்னு அர்த்தம். கம்பத்துல, அதாவது கிராமத்துல, வளர்ந்த தமிழ்ப் பிள்ளைங்க கண்டிப்பா தின்னிருப்பீங்க. அப்ப அதை நீங்க என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டீங்க? மலாய்ப் பேரையேவா, இல்ல வீட்டுல வேற பேரு இருந்துச்சா? எந்தக் கம்பம், சுமாரா எந்த வருஷம்னு சேர்த்து இங்க எழுதுங்க, நான் தொகுத்து வைக்கறேன்.